கூண்டு ஏற்றியவர்கள்: வானிலைப் படக் கோடுகளின் வரலாறு

கடலோரப் பங்கு ஒன்றில் நாம் பணியாற்றிய நாள்களில், ஐப்பசி மாதத்து மழைக்காலைப் பொழுதொன்றில், முதிய மீனவர் ஒருவர் நாளிதழ் ஒன்றைக் கையில் பிடித்தவாறு பங்கு இல்லத்துத் திண்ணைக்கு வந்தார். அதில் வானிலைப் படம் ஒன்று அச்சாகியிருந்தது. வங்கக் கடலின் மேல், குளத்தில் கல்லெறிந்தால் எழும் வளையங்களைப் போன்று, ஒன்றனுள் ஒன்றாகச் சில கோடுகள் வரையப்பட்டிருந்தன. ஒவ்வொரு கோட்டின் மீதும் ஓர் எண். அவற்றைச் சுட்டிக்காட்டி அவர் கேட்டார்: "கரையில இருக்கிற ஊருல அளந்திருப்பாங்க சாமி, சரிதான். இந்தக் கோடு நடுக்கடலுக்குள்ள போகுதே, அங்க யாரு நின்னு அளந்தது?"

அவை சமஅழுத்தக் கோடுகள் என்றும், காற்றின் அழுத்தம் ஒரே அளவாக உள்ள இடங்களை இணைப்பவை என்றும் பள்ளியில் கற்றதை நாம் எடுத்துரைத்தோம். அவரும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். ஆயினும் அவருடைய வினாவுக்கு அது விடையன்று என்பது இருவருக்கும் தெரிந்தே இருந்தது. அளவாதாரிடத்தும் கோடு செல்கிறதே, அதற்கு யார் பொறுப்பு என்பதே அவர் கேட்டது. அந்த வினாவுக்கு விடை தேடி நூல்களைப் புரட்டியபோது, கோடு வரைந்தவர்களின் வரலாறும், அவர்களுள் ஒருவருடைய துயரமும் நமக்குத் தெரியவந்தன. அவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையடியில் காத்திருந்த துறவி

காற்றுக்கு எடை உண்டு என்பதைக் கண்ணால் காணச் செய்தவர் கலிலேயோவின் மாணவரான டாரிசெல்லி. 1643-ஆம் ஆண்டில் அவர் ஒருமுனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பிக் கிண்ணத்தில் கவிழ்த்தபோது, பாதரசம் முழுவதும் கீழிறங்காமல் ஏறத்தாழ 760 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றுவிட்டது. வெளிக்காற்றின் பளுவே அதனைத் தாங்கி நிறுத்துகிறது என்றார் அவர். நம் பாடநூல்கள் பாரமானி என்றும் காற்றழுத்தமானி என்றும் அழைக்கும் கருவி இவ்வாறே பிறந்தது.

காற்றே தாங்குகிறது என்றால், மலைமேல் ஏறும்போது காற்றின் பளு குறைந்து பாதரசமும் இறங்க வேண்டும் அன்றோ? பிரான்சு நாட்டுப் பாஸ்கல் இவ்வாறு சிந்தித்து, தம் தமக்கையின் கணவரான பெரியே என்பவரிடம் அச்சோதனையை ஒப்படைத்தார். 1648 செப்டம்பர் 19-ஆம் நாள் காலை, கிளர்மோன் நகரிலிருந்த மினிம் சபைத் துறவியர் மடத்துத் தோட்டத்தில் நகரப் பெருமக்கள் சிலர் கூடினர். இரண்டு குழாய்களில் பாதரசம் நிரப்பப்பட்டது. இரண்டும் ஒரே உயரத்தைக் காட்டின. ஒரு குழாயுடன் பெரியேயும் நண்பர்களும் புய் தெ தோம் என்னும் மலைமீது ஏறினர். உச்சியில் பாதரசம் மடத்துத் தோட்டத்தில் நின்ற அளவைவிட ஏறத்தாழ 85 மில்லிமீட்டர் தாழ்ந்து நின்றது. கண்டவர்கள் வியப்பில் ஆழ்ந்தனர்.

மலையேறியவர்களின் புகழை உலகம் அறியும். ஆனால் மற்றைய குழாயை மடத்துத் தோட்டத்திலேயே விட்டு, அதில் மாற்றம் ஏதேனும் நிகழ்கிறதா என்று பகல் முழுதும் பார்த்துக்கொண்டிருக்கும்படி அருள்தந்தை ஷஸ்தேன் என்னும் துறவியை வேண்டிச் சென்றிருந்தனர். அவர்கள் இறங்கி வந்தபோது, குழாயில் எவ்வித மாற்றமும் இல்லை என்று அவர் அறிவித்தார். பகல் முழுதும் பார்த்திருந்து "ஒன்றும் நிகழவில்லை" என்று சொல்வது பயனற்ற வேலைபோல் தோன்றலாம். அவர் மட்டும் அங்கு இராதிருந்தால், மலையுச்சியில் பாதரசம் இறங்கியது உயரத்தாலா, அன்றைய வானிலை மாறியதாலா என்று எவராலும் உறுதிகூற இயலாது போயிருக்கும். ஓரிடத்து அளவு வேறோரிடத்து அளவோடு ஒப்பிடப்படும்போதே பொருள் பெறுகிறது. வானிலைப் படத்தின் முதல் பாடம் இதுவே.

மடங்களின் குறிப்பேடுகள்

இப்பாடத்தை ஐரோப்பா மெல்ல மெல்லக் கற்றது. 1654-இல் தஸ்கனி நாட்டுப் பெருங்கோமகன் இரண்டாம் பெர்டினாந்து, இயேசு சபைக் குருவான அந்தினோரியின் பொறுப்பில் நோக்கு நிலையங்களின் வலைப்பின்னல் ஒன்றை அமைத்தார். புளோரன்சு நகரிலும் வல்லொம்புரோசா மடத்திலும் தொடங்கி, ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் இன்சுபுருக், வார்சா நகரங்கள் வரை ஒரே வகைக் கருவிகள் அனுப்பப்பெற்றன. 1667-இல் அம்முயற்சி நின்றுபோயிற்று. அதற்கு நூறாண்டுகளுக்கும் பின்னர், 1780-இல், ஜெர்மானிய நாட்டு மன்ஹைம் நகரில் வானிலைக் கழகம் ஒன்று தோன்றியது. அதன் செயலர் ஹெம்மர் என்னும் அரண்மனைக் குரு. ஒப்புநோக்கிச் சரிசெய்த கருவிகள், ஒரே மாதிரியான குறிப்பேடுகள், காலை 7, பிற்பகல் 2, இரவு 9 என்று ஒரே நேரங்கள் ஆகியவை அக்கழகத்தின் ஒழுங்குகள். 39 நிலையங்கள் அதில் இணைந்தன. அவற்றுள் மடங்கள் பல இருந்தன. பவேரியாவின் ஹோஹன்பைசன்பர்க் குன்றில் அகுஸ்தீன் சபைத் துறவியர் 1781-இல் தொடங்கிய நோக்குப்பணி அவற்றுள் புகழ்பெற்றது.

அரசர்கள் போர் தொடுப்பர்; கருவிகள் உடையும்; பணம் நின்றுபோகும். மணியடித்தவுடன் எழுந்து செபத்துக்குச் செல்லப் பழகிய மடவாசிகளுக்கோ, குறித்த நேரத்தில் கருவியை நோக்கி எழுதிவைப்பது புதிய சுமையாக இருந்திராது. இன்ன பயன் விளையும் என்று அறியாமலே அவர்கள் எழுதினர். அக்குறிப்பேடுகள் நூல்களாக அச்சேறி அலமாரிகளில் உறங்கின.

அவற்றை எழுப்பியவர் பிரெஸ்லாவ் நகரப் பேராசிரியர் பிராண்டஸ். ஒரே நாளில், ஒரே நேரத்தில், பல ஊர்களில் எடுத்த அளவுகளை ஒரே நிலப்படத்தில் குறித்தால் என்ன என்று 1816-இல் அவருக்குத் தோன்றியது. மன்ஹைம் கழகத்தாரின் குறிப்புகளைக் கொண்டு 1783-ஆம் ஆண்டின் வானிலையை நாள்தோறும் அவர் ஆராய்ந்து, 1820-இல் நூலாக வெளியிட்டார். ஒவ்வோர் ஊரிலும் காற்றழுத்தம் அதன் வழக்கமான அளவிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்று பார்த்து, விலக்கம் சமமாயுள்ள இடங்களை அவர் இணைத்தார். சிதறிக் கிடந்த எண்களுக்கு உருவம் தோன்றியது. அழுத்தம் குறைந்த பகுதிகள் ஊர்விட்டு ஊர் நகர்ந்து சென்றதும், காற்று அவற்றை நாடி வீசியதும் புலப்பட்டன.

சமமான அளவுகளைக் கோட்டால் இணைக்கும் முறை அவருக்கு முன்னரே இருந்தது. காந்த ஊசி வடதிசையிலிருந்து எத்துணை விலகுகிறது என்பதை அட்லாண்டிக் கடல்மேல் வளைகோடுகளால் காட்டிய படத்தை ஹாலி 1701-இல் வெளியிட்டிருந்தார். சமவெப்பக் கோடுகளை ஹம்போல்ட் 1817-இல் வரைந்தார். ஆயின் அவை நிலையான அல்லது சராசரியான இயல்புகளைக் காட்டியவை. பிராண்டஸ் காட்டியதோ ஒரு குறிப்பிட்ட நாளின் வானம். அந்த வானம் கலைந்து 37 ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதே அதன் குறை. நடந்துமுடிந்த புயலின் வழித்தடத்தை அது அழகுறக் காட்டிற்று. வரவிருக்கும் புயலைப் பற்றி ஒருவருக்கும் அது சொல்லவில்லை.

கோடு வரையும் முறை

வரலாற்றைத் தொடர்வதற்கு முன், கோடு எவ்வாறு வரையப்படுகிறது என்பதைச் சிறிது பார்ப்போம். முதியவரின் வினா இங்கேதான் உயிர்பெறுகிறது.

முதற்கண் எல்லா ஊர்களின் அளவுகளும் கடல்மட்ட அளவுகளாகத் திருத்தப்பட வேண்டும். கொடைக்கானலில் பாதரசம் தாழ்ந்து நிற்பது புயலாலன்று, உயரத்தால். புய் தெ தோம் மலையில் கண்ட உண்மை இங்கே கணக்காக உதவுகிறது. திருத்திய எண்களை நிலப்படத்தில் அந்தந்த ஊரின்மேல் எழுதுவர். நாகப்பட்டினத்தில் அழுத்தம் 1006 மில்லிபார் என்றும், சென்னையில் 1010 என்றும் கொள்வோம். இடையில் வேறு கருவி இல்லையெனில், 1008 என்னும் கோடு இரண்டுக்கும் நடுவே, புதுச்சேரிக்கு அருகில் கடந்து செல்லும் என்று வரைபவர் தீர்மானிக்கிறார். புதுச்சேரியில் எவரும் 1008 என்று அளந்துசொல்லவில்லை. இருபுறத்தும் அளந்தவர்களை நம்பி, காற்று திடீரெனத் தாவாமல் படிப்படியாகவே மாறும் என்னும் இயல்பையும் நம்பி, அவர் அங்கே கோட்டை இழுக்கிறார். பின்னர் ஒரு கோடு மற்றொன்றை வெட்டாமல், காற்றின் திசைக்கும் பொருந்துமாறு, அழித்தும் திருத்தியும் வரைந்து முடிக்கிறார்.

படிப்பதும் கடினமன்று. மலைநாட்டு நிலப்படத்தில் சமஉயரக் கோடுகள் நெருங்கினால் அங்கே செங்குத்தான சரிவு உண்டு. அதுபோலவே சமஅழுத்தக் கோடுகள் நெருங்கினால் அங்கே காற்று கடுமையாக வீசும். மையத்தை நோக்கி எண்கள் குறைந்துகொண்டே போய்க் கோடு ஒரு வளையமாக மூடிக்கொண்டால் அது காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. மூடிய வளையங்கள் பெருகி நெருங்கும்போது, வானொலியில் நாம் கேட்கும் தாழ்வு மண்டலமும் புயலும் உருவாகின்றன. காற்று மையத்துக்கு நேராகப் பாய்வதில்லை. பூமியின் சுழற்சியால் திசைமாறி மையத்தைச் சுற்றுகிறது. டச்சு நாட்டு அறிஞர் பைஸ் பாலட் 1857-இல் இதனை எளிய விதியாக்கினார். பூமியின் வடபாதியில் வாழ்பவர் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், தாழ்வழுத்தம் அவருடைய இடக்கைப் பக்கம் இருக்கும். நம் கிழக்குக் கரையில் வாடைக்காற்றுக்கு முதுகைக் காட்டித் தெற்கு நோக்கி நின்றால் இடக்கைப் பக்கம் வங்கக் கடல். வாடை வலுத்தால் கிழக்கே எதுவோ இருக்கிறது என்று நம் மூத்த மீனவர்கள் ஐயுறுவது வெறும் அச்சமன்று.

எனவே கோடு என்பது அளவை மட்டும் சொல்வதன்று. அளந்தவற்றைக் கொண்டு அளவாதவற்றைப் பற்றி ஒருவர் துணிந்து கூறும் தீர்ப்பு அது. தவறிப்போகலாம், தவறினால் வரைந்தவரே பொறுப்பு. இந்தப் பொறுப்பைச் சுமந்து நொந்தவரின் கதைக்கு இனி வருவோம்.

தந்தியும் ஒரு கப்பலும்

வானம் கலையும் முன்னர் படம் வரைய வேண்டுமானால், புயலைவிட விரைந்து செய்தி செல்ல வேண்டும். மின்தந்தி அதனை இயலச் செய்தது. 1854 ஜூன் மாதத்தில் ஜான் பால் என்னும் உறுப்பினர், இலண்டனின் வானிலையை 24 மணி நேரத்துக்கு முன்னரே அறிய இயலும் நாள் வரலாம் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசினார். அவையில் சிரிப்பொலி எழுந்ததாக அவைக்குறிப்பே பதிவுசெய்துள்ளது. அதே ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள், கிரீமியப் போரில் ஈடுபட்டிருந்த பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்களைக் கருங்கடலில் பெரும்புயல் ஒன்று நொறுக்கியது. பாரீசு வான்நோக்ககத் தலைவர் லெவெரியே பல நாடுகளிலிருந்தும் குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்து, அப்புயல் ஐரோப்பாவைக் கடந்தே கருங்கடலை அடைந்தது என்று காட்டினார். தந்தி இருந்தும் எவரும் எவருக்கும் சொல்லவில்லை. 1863 முதல் பாரீசிலிருந்து நாள்தோறும் சமஅழுத்தக் கோடுகளுடன் வானிலைப் படம் வெளிவரலாயிற்று.

இங்கிலாந்தில் இப்பணியை மேற்கொண்டவர் ராபர்ட் பிட்ஸ்ராய். 'பீகிள்' கப்பலில் இளம் டார்வினை உலகைச் சுற்றி அழைத்துச் சென்ற தலைவர் இவரே. 1854-இல் தொடங்கிய வானிலைத் துறைக்கு இவர் பொறுப்பேற்றார். கப்பல்களின் குறிப்பேடுகளைத் தொகுப்பதே இவருக்கிட்ட கட்டளை. ஆயின் ஏழை மீனவரைப் பற்றிய கவலை இவரை வாட்டியது. பாரமானி வாங்க வசதியற்ற மீனவக் குப்பங்களுக்கு அவற்றை அளிக்க ஏற்பாடு செய்து, எழுத்தறிவு குறைந்தோரும் பயன்படுத்தும்படி எளிய வழிகாட்டி ஒன்றையும் எழுதினார்.

1859 அக்டோபர் 25-ஆம் நாள் இரவு. ஆஸ்திரேலியாவிலிருந்து பொன்னுடனும் பயணிகளுடனும் லிவர்பூலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த 'ராயல் சார்ட்டர்' என்னும் கப்பல், வேல்சு நாட்டு ஆங்கில்சி தீவின் கரையோரம் புயலில் சிக்கியது. நங்கூரச் சங்கிலிகள் அறுந்தன. மறுநாள் விடியலில் மொயில்ப்ரி ஊருக்கருகே கப்பல் பாறையில் மோதிப் பிளந்தது. ஏறத்தாழ 450 பேர் மாண்டனர். தப்பியவர்கள் 40 பேர் அளவே. அவர்களுள் பெண்ணோ குழந்தையோ ஒருவரும் இல்லை. கரை கண்ணுக்கெட்டும் தொலைவில் இருந்தது.

அவ்வூர்ப் பங்கின் ஆங்கிலிக்கன் குரு ஸ்டீபன் ரூஸ் ஹியூஸ் என்பவர். கரையொதுங்கிய உடல்கள் அவருடைய சிற்றாலயத்தில் கிடத்தப்பட்டன. அவர் ஒவ்வோர் உடலையும் நோக்கி, ஆடையின் குறி, விரலிலிருந்த மோதிரம், பழைய தழும்பு என்று அடையாளங்களை எழுதிவைத்தார். உறவினர்களின் கடிதங்களுக்கு விடையாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களைத் தம் கையால் எழுதினார். நேரில் சென்று கண்ட எழுத்தாளர் டிக்கன்ஸ் அவருடைய பணியை உலகறியச் செய்தார். அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள், 1862-இல், ஹியூஸ் இறந்துபோனார். கடற்கரைப் பங்கில் பணிபுரிந்த குரு எவரும் இப்பகுதியை எளிதில் கடந்துவிட இயலாது. அடையாளம் காண இயலாத உடலுக்கு முன் தாயொருத்தியை அழைத்துச் சென்று நிறுத்தும் வேதனை நமக்கும் புதிதன்று.

ஹியூஸ் இறந்தோரின் அடையாளங்களைத் தேடிக்கொண்டிருக்க, பிட்ஸ்ராய் புயலின் அடையாளங்களைத் தேடினார். கலங்கரை விளக்கக் காவலர்களிடமிருந்தும், கப்பல்களிலிருந்தும், நோக்குநர்களிடமிருந்தும் குறிப்புகளைத் திரட்டிப் படம்படமாக வரைந்தார். புயல் தென்மேற்குக் கரையை முதலில் தாக்கி, அதன்பின் வடக்கே நகர்ந்தது என்பது தெளிவாயிற்று. தெற்கில் அடித்த காற்றைப் பற்றிய தந்தி ஒன்று வடக்கே சென்றிருந்தால் துறைமுகங்களில் கொடி ஏற்றியிருக்கலாம்.

இதன் விளைவாக 1861 பிப்ரவரியில் பிட்ஸ்ராயின் முதற்புயல் எச்சரிக்கை தந்தியில் பறந்தது. துறைமுகக் கம்பத்தில் கறுப்புத் துணி போர்த்த கூம்பு ஏற்றப்பெறும். அதன் நுனி மேல்நோக்கினால் வடக்கிலிருந்தும், கீழ்நோக்கினால் தெற்கிலிருந்தும் பெருங்காற்று வரும். உருளையும் சேர்ந்தால் திசைமாறிச் சுழலும் கடுங்காற்று. இரவில் விளக்குகள் அவற்றின் இடத்தை எடுத்துக்கொள்ளும். எழுதப் படிக்கத் தெரியாதவரும், படகிலிருந்தவாறே தொலைவிலிருந்து அதனைக் கண்டுகொள்வர். 1861 ஆகஸ்டு முதல் 'டைம்ஸ்' இதழில் நாள்தோறும் வானிலை முன்னறிவிப்பும் வெளிவந்தது.

கூண்டு இறங்கிய ஆண்டு

பிட்ஸ்ராயின் அறிவிப்புகள் சில நாள்களில் பலித்தன. சில நாள்களில் பொய்த்தன. அவர் கையிலிருந்தவை கரையோர நிலையங்கள் சிலவற்றின் தந்திகளும் தம் நீண்ட கடல் அனுபவமுமே. மேற்கே அட்லாண்டிக் கடலில் அவருக்கு ஒரு நிலையமும் இல்லை. புயல்கள் வருவதோ பெரும்பாலும் அங்கிருந்து. பொய்த்த நாள்களைப் பத்திரிகைகள் எள்ளி நகையாடின. முன்னறிவிப்பை அச்சிட்ட 'டைம்ஸ்' இதழே 1864-இல் அவரிடமிருந்து விலகி நின்று பேசியது. விதிகள் எவை என்று சொல்ல இயலாத ஒன்றை அறிவியலென்று அழைக்கலாகாது என்று அறிஞர்கள் முகம்சுளித்தனர். செவித்திறன் குன்றி, உடல் தளர்ந்து, தம் செல்வத்தையும் பொதுப்பணியில் கரைத்துவிட்ட பிட்ஸ்ராய், 1865 ஏப்ரல் 30-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை, தம் கையாலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு வயது 59. அவருடைய இறுதி மணித்துளிகளைத் தீர்ப்பிடுவது நம் வேலையன்று; இரக்கமுள்ள இறைவனின் கையில் அதனை விட்டுவிடுவோம்.

அவருடைய பணியை ஆராய அமைத்த குழுவின் தலைவர் பிரான்சிஸ் கால்ட்டன். இவரும் கோடு வரைந்தவரே. 1861 டிசம்பர் மாதத்துக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து அளவுகளைத் திரட்டி, நாளொன்றுக்கு மூன்று நேரப் படங்களை வரைந்து 1863-இல் நூலாக்கியவர். தாழ்வழுத்தத்துக்கு எதிராக, காற்று வலஞ்சுழியாகச் சுற்றி வெளியேறும் உயரழுத்தப் பகுதியும் உண்டு என்பதை அப்படங்களில் கண்டறிந்தவர். கோட்டின் அழகை அவரைவிட அறிந்தவர் அன்று எவருமில்லை. குழுவோ 1866-இல், பிட்ஸ்ராயின் முன்னறிவிப்புகளுக்கு உறுதியான அடிப்படை இல்லை என்று அறிக்கை தந்தது. முன்னறிவிப்பு நின்றது. ஆண்டின் இறுதியில் புயல் எச்சரிக்கையும் நின்றது. துறைமுகங்களில் கூம்புகள் இறக்கப்பட்டன.

அப்போது நிகழ்ந்ததை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கூம்பைக் காணாத கடலோர மக்கள் நிம்மதி அடையவில்லை. அது பலமுறை பொய்த்ததை இலண்டன் அறிஞர்களைவிட அவர்களே நன்கறிவர். அன்று கடலுக்குப் போகாமல் வருவாயிழந்தவர்கள் அவர்கள்தாமே. எனினும் எச்சரிக்கையை மீண்டும் தாருங்கள் என்று துறைமுக நகரங்களிலிருந்து கோரிக்கைகள் எழுந்தன. பொய்த்த எச்சரிக்கை ஒருநாள் கூலியைப் பறிக்கும். வராத எச்சரிக்கை குடும்பத்தையே பறிக்கும் என்பது அவர்களுடைய கணக்கு. 1867-இல் கூம்பு மீண்டும் ஏறியது. பொதுமக்களுக்கான முன்னறிவிப்பு 1879-இல் திரும்பியது. இதற்கிடையில், 1875 ஏப்ரல் 1-ஆம் நாள் 'டைம்ஸ்' இதழில் கால்ட்டன் தயாரித்த வானிலைப் படம் வெளியாயிற்று. நாளிதழ்களில் இன்று நாம் காணும் படங்களுக்கு அது முன்னோடி. அந்தப் படம் காட்டியது முந்தைய நாளின் வானிலையை.

கால்ட்டன் தீயவர் அல்லர். அவருடைய கண்டிப்பால் அளவைகள் செம்மையுற்றன என்பதும் உண்மை. ஆயின் இருவருக்குமிடையே நின்ற வினா இன்றும் நம்மைவிட்டு அகலவில்லை. அறிவு முழுமையடையும் வரை வாய் திறவாதிருப்பது நேர்மையா? கிடைத்த அளவு அறிவைக் கொண்டு, தவறினால் பழி தமக்கே என்று அறிந்தும், ஆபத்திலிருப்பவரை எச்சரிப்பது நேர்மையா? வரைபவரின் மேசைமீது இருக்கும்வரை கோடு முழுமைக்காகக் காத்திருக்கலாம். கரையில் படகு தள்ளுபவர் காத்திருக்கமாட்டார்.

எச்சரிக்கை இருந்தால் மட்டும் போதும் என்றும் எண்ணிவிடலாகாது. 1881 அக்டோபர் 14-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் அய்மவுத் கரையில் நேர்ந்தது அதற்குச் சான்று. பாரமானி மிகவும் தாழ்ந்திருந்ததை மீனவர்கள் கண்டனர். ஆனால் முந்தைய நாள்களின் கெட்ட வானிலையால் தொழிலின்றிக் கிடந்தவர்கள் அவர்கள். அன்று காலை கடலும் அமைதியாயிருந்தது. படகுகள் புறப்பட்டன. நண்பகலில் தாக்கிய புயலில் 189 மீனவர்கள் மாண்டனர். கருவி தன் கடமையைச் செய்தது. வறுமையும் தன் வேலையைச் செய்தது.

நம் கரையில்

பிட்ஸ்ராய் இலண்டனில் நொந்துகொண்டிருந்த அதே 1864-இல் நம் கடல் எழுந்தது. அக்டோபர் 5-ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஹூக்ளி ஆற்றின்வழி ஏறிய கடல்நீர் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை விழுங்கியதாகக் கணிக்கின்றனர். ஒரு மாதம் கழியுமுன், நவம்பர் 1-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்து மசூலிப்பட்டினத்தைப் பேரலை மூடியது. அங்கும் பல்லாயிரவர் மாண்டனர். புயலுக்குச் 'சைக்ளோன்' என்று 1848-இல் பெயரிட்ட ஹென்றி பிடிங்டன், கப்பல்களின் குறிப்பேடுகளிலிருந்து வங்கக் கடற்புயல்களின் பாதைகளை ஆராய்ந்தது இதே கல்கத்தாவில்தான். அறிவு இருந்தது, அதனைக் கரைக்குச் சொல்லும் வழி இல்லை. 1865-இல் கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு தொடங்கியது. 1875-இல் பிளான்போர்டு தலைமையில் இந்திய வானிலைத் துறை நிறுவப்பெற்றது.

'புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்று மழைக்காலந்தோறும் நாம் கேட்கும் செய்தி, பிட்ஸ்ராயின் கூம்பும் உருளையும் கடல்கடந்து வந்து நம் துறைமுகக் கம்பங்களில் ஏறியதன் தொடர்ச்சியே. பாம்பனிலும் நாகையிலும் அண்ணாந்து பார்க்கும் மீனவர், ராயல் சார்ட்டரின் இறந்தோர் விட்டுச்சென்ற எச்சரிக்கையைத்தான் பார்க்கிறார்.

முதியவரின் வினாவுக்கு இப்போது ஒருவாறு விடை சொல்லலாம். ஐயா, நடுக்கடலில் நின்று அளந்தவர்கள் கப்பலோட்டிகள். அவர்களுள் பலர் கரை திரும்பவில்லை. இன்று மிதவைகளும் செயற்கைக்கோள்களும் அளக்கின்றன. கணிப்பொறி நொடிப்பொழுதில் கோடு இழுக்கிறது. இருந்தும் அளவுக்கும் அளவுக்கும் இடையே அளவாத இடம் இன்னும் இருக்கிறது. அங்கே செல்லும் கோடு ஒரு நம்பிக்கையின் மேல் செல்கிறது. அதனை எடுத்துச்சொல்ல ஒருவர் துணிய வேண்டியிருக்கிறது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் விரைந்து வலுப்பெற்றபோது, பலநாள் மீன்பிடிப்புக்குச் சென்றிருந்த படகுகள் எச்சரிக்கை எட்டாத் தொலைவில் இருந்தன. குமரிக் கரையின் ஊர்கள் பலவற்றில் அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா கண்ணீரில் கழிந்தது. கல்லறை எழுப்ப உடல்கூடக் கிட்டாத குடும்பங்கள் நம் பங்குகளில் உள்ளன. கோடு சரியாக வரையப்படுவது பாதி வேலை. அது கடைசிப் படகுக்கும் எட்டுவது மீதிப் பாதி. கரையில் தங்கும் நாளில் அடுப்பெரிய வழிசெய்வதும் அந்தப் பாதியில் அடங்கும். முன்னதை அறிஞர் செய்வர். பின்னதில் அரசுக்கும், ஊருக்கும், நம் பங்குப் பேரவைகளுக்கும் பங்குண்டு.

நம் துறைமுகக் கூண்டுகளில் 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. முதலாவது, தொலைவில் புயல் தோன்றக்கூடும் என்பது. பத்தாவது, பேரபாயம் என்பது. பதினோராவது எண் எதற்கென்று நாம் பலரிடம் வினவியதுண்டு. எல்லாவற்றினும் கொடிய புயலுக்கு என்றே பெரும்பாலோர் எண்ணியிருந்தனர். அது அன்று. வானிலை மையத்தோடு தொடர்பு முற்றும் அறுந்துவிட்டது. ஆனால் ஆபத்து உள்ளதென்று இங்கிருக்கும் அலுவலர் கருதுகிறார் என்பதே அதன் பொருள். படம் இல்லை, எண் இல்லை, கோடும் இல்லை. கம்பத்தடியில் தனித்து நிற்கும் ஒருவர், வானத்தையும் தம் பாரமானியையும் பார்த்து, தாமே பொறுப்பேற்றுக் கூண்டை ஏற்றுகிறார். மறுநாள் வானம் வெளுத்தால் அவரைப் பார்த்து ஊர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும், சிரிப்பதற்கு அனைவரும் கரையில் இருப்பார்கள்.